மிச்சமான நேரம் யாருக்கு?



எங்கள் வீட்டில் ஓர் ஆமை இருக்கிறது. உயிருள்ள ஆமை அன்று. சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுப் பெரிய, வட்ட வடிவமான, தானே தரையைக் கூட்டும் இயந்திரம் அது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள்தான் அதற்கு ஆமை என்று பெயர் வைத்தாள். நாள்தோறும் காலை ஆறரை மணிக்கு அது தன் இருப்பிடத்தைவிட்டுக் கிளம்பும். கூடம், படுக்கையறை, சமையலறை என்று ஒவ்வோர் இடமாகச் சுற்றித் தூசியை உறிஞ்சும். மின்கலத்தின் ஆற்றல் குறைந்ததும் தானாகவே திரும்பிச் சென்று மின்னேற்றியின்மேல் ஏறி நின்றுகொள்ளும்.

ஓராண்டுக்கும் மேலாக அதனோடு வாழ்ந்துவருகிறோம். 'இனிமேல் வீட்டில் யாரும் துடைப்பத்தைத் தொட வேண்டியதில்லை' என்று அதை வாங்கிய நாளில் நான் பெருமையாகச் சொன்னேன். அது எவ்வளவு தவறு என்பதை என் மகளின் ஒரு நோட்டுப் புத்தகம் எனக்கு உணர்த்தியது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்த ஆமை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போமா?

உறிஞ்சும் வித்தை

தூசியை ஊதித் தள்ளுவதைவிட உறிஞ்சி எடுப்பதே நல்லது என்று கண்டவர்களுள் முக்கியமானவர் ஹியூபர்ட் செசில் பூத் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். காற்றை ஊதித் தூசியைக் கிளப்பும் ஒரு கருவியை அவர் லண்டனில் பார்த்தார். கிளம்பிய தூசி மறுபடியும் அங்கேயே படிந்தது! உணவகம் ஒன்றின் இருக்கையில் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தாராம். கைக்குட்டையில் கறுப்பாகத் தூசி ஒட்டியிருந்தது. 1901ஆம் ஆண்டு அவர் செய்த இயந்திரம் மிகப் பெரியது. குதிரை வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்துவார்கள். அங்கிருந்து நீண்ட குழாய்களைச் சன்னல் வழியாக வீட்டுக்குள் செலுத்துவார்கள்.

அடுத்த கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஜேம்ஸ் முர்ரே ஸ்பேங்ளர் என்பவர் ஒரு பெரிய கடையில் துப்புரவுப் பணி செய்துவந்தார். பெருக்கும்போது எழும் தூசி அவருக்கு மூச்சுத் தொல்லை தந்தது. 1907ஆம் ஆண்டு ஒரு மின்விசிறியின் மோட்டார், ஒரு துடைப்பக் கட்டை, ஒரு தலையணை உறை ஆகியவற்றைக் கொண்டு கையில் எடுத்துச் செல்லக்கூடிய தூசியுறிஞ்சியைச் செய்தார். 1908இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இதைச் செய்தவர் துடைப்பத்தைத் தம் கையில் பிடித்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது பின்னால் நமக்குப் பயன்படும்.

உறிஞ்சும் தத்துவம் எளியது. விசிறி வேகமாகச் சுழன்று காற்றை வெளியே தள்ளுகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளியிலுள்ள காற்று தூசியையும் இழுத்துக்கொண்டு உள்ளே பாய்கிறது. வடிகட்டி தூசியை நிறுத்திவைத்துக் காற்றை மட்டும் வெளியே விடுகிறது. கூட்டும்போது மேலெழும் நுண்தூசியால் தும்முபவர்களுக்கு இது நல்ல உதவிதான். மறுக்க முடியாது.

வழி தேடும் மூளை

உறிஞ்சுவது நூறாண்டுப் பழைய வித்தை. ஆனால், யாரும் தள்ளாமல் தானே வழி தேடுவது புதிய வித்தை. சுவீடனின் எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் இத்தகைய இயந்திரத்தின் மாதிரியை 1996இல் காட்டி, 2001இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் டிரைலோபைட். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் ஊர்ந்து திரிந்து மறைந்துபோன உயிரினத்தின் பெயர் அது. 2002இல் அமெரிக்காவின் ஐரோபாட் நிறுவனம் ரூம்பா என்னும் இயந்திரத்தை வெளியிட்டது. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த மூவருள் ஒருவர் ராட்னி புரூக்ஸ் என்னும் அறிவியலாளர்.

புரூக்ஸ் 1986இல் ஒரு புதுமையான கருத்தை முன்வைத்தார். ரோபாட் ஒவ்வோர் அடி எடுத்துவைப்பதற்கு முன்பும் உலகம் முழுவதையும் மனத்தில் வரைந்து திட்டமிட வேண்டும் என்று அதுவரை பலர் எண்ணினர். புரூக்ஸ் பூச்சிகளை நினைத்துப் பார்த்தார். கரப்பான் பூச்சி திட்டமா தீட்டுகிறது? முட்டினால் திரும்புகிறது, வெளிச்சம் பட்டால் ஓடுகிறது. எளிய எதிர்வினைகளை அடுக்கடுக்காக அமைத்தாலே அறிவுள்ளதுபோல் தோன்றும் நடத்தை பிறக்கும் என்றார். முதல் ரூம்பாவிடம் வீட்டின் வரைபடம் எதுவும் இல்லை. சுழன்று சுழன்று செல்லும்; முட்டினால் திரும்பும்; சுவரை ஒட்டி நடக்கும். ஆனாலும் போதிய நேரம் விட்டால் அறையின் பெரும்பகுதியைக் கூட்டிவிடும்.

இன்றைய இயந்திரங்கள் பலவும் வரைபடம் போட்டுக்கொள்கின்றன. எங்கள் ஆமையின் முதுகில் ஒரு சிறு கோபுரம் உண்டு. அதற்குள் லேசர்க் கருவி ஒன்று சுழன்றபடி நாலாபுறமும் கதிரை வீசுகிறது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிய வரைபடம் வேண்டும். வரைபடம் போடவோ தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்! கோழி முந்தியா, முட்டை முந்தியா என்பதுபோல் இல்லையா?

இரவில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறீர்கள். மின்சாரம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வீர்கள்? கையை நீட்டிச் சுவரைத் தொடுவீர்கள். 'இது சுவர், இங்கே அலமாரி, நான்கு அடி வந்துவிட்டேன்' என்று மனத்தில் குறித்துக்கொள்வீர்கள். மறுபடியும் அலமாரி தட்டுப்பட்டால் முன் போட்ட கணக்கைத் திருத்திக்கொள்வீர்கள். ஆமையும் அப்படித்தான். சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்பதை எண்ணிக்கொண்டும், சுவரின் தூரத்தை அளந்துகொண்டும், இடத்தையும் படத்தையும் ஒரே நேரத்தில் திருத்தியபடி செல்கிறது.

கறுப்புக் கல் கற்பித்த பாடம்

வந்த முதல் வாரத்தில் எங்கள் ஆமை ஒரு விந்தை செய்தது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு சாண் அகலத்தில் கறுப்புக் கல் பதித்திருக்கிறோம். தரைமட்டமான கல்தான். ஆமை அதன் ஓரம்வரை வரும். பாம்பைக் கண்டதுபோல் பின்வாங்கும். சமையலறைக்குள் நுழையவே இல்லை. காரணம் என்ன?

மாடிப்படியில் விழுந்துவிடாமல் இருக்க ஆமையின் வயிற்றில் உணர்விகள் உண்டு. அவை தரையை நோக்கி அகச்சிவப்புக் கதிரை அனுப்புகின்றன. கதிர் பட்டுத் திரும்பினால், 'தரை இருக்கிறது' என்று பொருள். திரும்பாவிட்டால், 'பள்ளம்' என்று பொருள். கறுப்புக் கல் கதிரின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. ஆகவே, எங்கள் சமையலறை வாசல் ஆமைக்குப் பாதாளம்! கல்லின் குறுக்கே வெள்ளைத்தாள் ஒன்றை ஒட்டினோம். ஆமை தயங்காமல் கடந்து சென்றது. இதை ஒரு சிறந்த சோதனை என்றே சொல்வேன். அது தரையைப் பார்ப்பதில்லை; தரையிலிருந்து திரும்பும் கதிரை மட்டுமே அறிகிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதை அன்று என் மகள் நன்றாகப் புரிந்துகொண்டாள்.

லேசர்க் கோபுரத்துக்கும் இத்தகைய குறை உண்டு. அது தன் உயரத்தில் உள்ளவற்றை மட்டுமே அறியும். தரையோடு கிடக்கும் கைபேசி மின்கம்பி, காலுறை, கோரைப்பாயின் ஓர நூல் ஆகியவை அதன் கண்ணில் படா. அவற்றை விழுங்கி, உருளையில் சுற்றிக்கொண்டு, 'உதவி தேவை' என்று கூவும். தலைமுடியும் அப்படியே உருளையில் சுற்றிக்கொள்ளும். வாரம் ஒருமுறை கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டும்.

நோட்டுப் புத்தகம் சொன்ன உண்மை

இப்போது அந்த நோட்டுப் புத்தகத்துக்கு வருவோம். பள்ளியில் கொடுத்த செயல்திட்டத்துக்காக என் மகள் ஒரு மாதம் ஆமையைக் கவனித்துக் குறிப்பெடுத்தாள். மூன்று பத்திகள் வரைந்திருந்தாள்: 'எங்கே நின்றது', 'ஏன் நின்றது', 'யார் எடுத்துவிட்டார்கள்'. முதல் இரண்டு பத்திகளை நான் ஆர்வத்துடன் படித்தேன். கட்டிலின் கீழ், கால்மிதி, மின்கம்பி, பாய் என்று வகைவகையாக இருந்தன. மூன்றாம் பத்திக்கு வந்ததும் என் முகம் மாறிவிட்டது. அம்மா, அம்மா, அம்மா என்று பக்கத்துக்குப் பக்கம் ஒரே சொல். 'அப்பா' என்னும் சொல் மாதம் முழுவதிலும் இரண்டே இடங்களில்தான் இருந்தது.

அதோடு நிற்கவில்லை. கடைசிப் பக்கத்தில், 'ஆமை கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை' என்று ஒரு பட்டியல். பாயைச் சுருட்டுவது, நாற்காலிகளை மேசைமேல் கவிழ்ப்பது, செருப்புகளை ஒதுக்குவது, கம்பிகளைத் தூக்கிக் கட்டுவது, முந்தைய நாள் தூசியை வெளியே கொட்டுவது. இவற்றையெல்லாம் யார் செய்கிறார்கள் என்று அவள் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. என் மனைவியும் என்னைப்போல் காலையில் அலுவலகம் செல்பவர்தான்.

'தானே கூட்டும் இயந்திரம்' என்றல்லவா சொல்லிக்கொண்டிருந்தேன்! அந்தத் 'தானே' என்னும் சொல்லுக்குள் ஒருவருடைய உழைப்பு ஒளிந்திருந்ததை நான் காணவில்லை. கறுப்புக் கல்லைப் பள்ளம் என்று எண்ணிய ஆமையைப் பார்த்துச் சிரித்தேன். ஆனால், என் கண்ணும் ஓர் உயரத்துக்குக் கீழே பார்க்கவில்லை.

இது எங்கள் வீட்டின் கதை மட்டுமன்று. ரூத் சுவார்ட்ஸ் கோவன் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் வீட்டுக் கருவிகளின் வரலாற்றை ஆராய்ந்து 1983இல் ஒரு நூல் வெளியிட்டார். அடுப்பு, சலவை இயந்திரம், தூசியுறிஞ்சி என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்தும் இல்லத்தரசியின் வேலை நேரம் எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்று அவர் காட்டினார். வேலையின் கடுமை குறைந்தது. ஆனால் தூய்மையைப் பற்றிய எதிர்பார்ப்பு கூடியது. முன்பு ஆண்களும் பிள்ளைகளும் வேலையாட்களும் பகிர்ந்து செய்த வேலைகள் பலவும், கருவி வந்த பின் பெண் ஒருத்தியின் தலையில் வந்து சேர்ந்தன.

நம் நாட்டுக் கணக்கையும் பாருங்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் ஒரு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை நடத்தியது. ஊதியமின்றிச் சொந்த வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டனர். அவ்வேலை செய்த ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். 2024இல் மீண்டும் கணக்கெடுத்தபோது பெண்களுக்கு 289 நிமிடம். ஆண்களுக்கு 88 நிமிடம். ஐந்தாண்டுகளில் பெண்களுக்குக் குறைந்தது பத்து நிமிடம். ஆண்களுக்கும் ஏறத்தாழ அவ்வளவே குறைந்துவிட்டது! இடைவெளி அப்படியே நிற்கிறது.

அக்கா கேட்ட கேள்வி

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கி, கூட்டித் துடைப்பதற்கு ஓர் அக்கா வருகிறார். ஆமை வந்த பிறகு, 'கூட்டும் வேலைதான் இல்லையே, சம்பளத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே' என்று அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"மாடிப்படியை யார் சார் கூட்டுறது? மூலையில இருக்கிற ஒட்டடையை யார் எடுக்கிறது?" என்று கேட்டார். பிறகு என்னைச் சமையலறைக்கு அழைத்துச் சென்று காட்டினார். சுவரோரம் எறும்புகள் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தன. "இது தினமும் எறும்பை உறிஞ்சிட்டுப் போகுது. எறும்பு எங்கேயிருந்து வருதுன்னு பார்க்குதா?" வெல்ல டப்பாவின் மூடி சரியாக மூடாமல் இருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார்.

இயந்திரம் குப்பையை எடுக்கிறது. மனிதரோ, இந்தக் குப்பை ஏன் வந்தது என்று கேட்கிறார். காரணம் கேட்பதுதானே அறிவியல்? நாம் படிப்பில்லாதவர் என்று எண்ணும் ஒருவர் நாள்தோறும் அதைச் செய்துகொண்டிருக்கிறார். நான் வெட்கப்பட்டேன். சம்பளத்தைக் குறைக்கவில்லை. அவர் இப்போது கால் மணி நேரம் முன்னதாகவே கிளம்புகிறார். அந்தக் கால் மணி நேரம் அவருடையது. என்னுடையதன்று.

என் கருத்து இதுதான். ஒரு கருவி நல்லதா கெட்டதா என்று மட்டும் கேட்காதீர்கள். அது மிச்சப்படுத்திய நேரம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எந்த உணர்வியாலும் முடியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குள் ஒரு கண்

இன்னொரு கேள்வியும் உண்டு. வரைபடம் போடும் இயந்திரம் நம் வீட்டின் அளவையும் அமைப்பையும் அறிந்துகொள்கிறது. சில இயந்திரங்களில் ஒளிப்படக் கருவியும் இருக்கிறது. 2020இல் ஐரோபாட் நிறுவனம் சோதனைக்காகச் சிலரது வீடுகளில் ஓடவிட்ட இயந்திரங்கள் எடுத்த படங்கள், இணையத்தில் கசிந்துவிட்டன. அவற்றுள் பிறர் பார்க்கக்கூடாத அந்தரங்கப் படங்களும் இருந்தன. கணிப்பொறிக்குப் பொருள்களை அடையாளம் காட்டிக் கற்பிப்பதற்காகப் பிற நாட்டுப் பணியாளர்களுக்கு அனுப்பப்பட்ட படங்கள் அவை. இச்செய்தியை 2022 டிசம்பரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ என்னும் இதழ் வெளியிட்டது. அவை கடையில் விற்ற இயந்திரங்கள் அல்ல. அந்த வீட்டினர் படமெடுக்க ஒப்புக்கொண்டவர்களே. ஆயினும் படம் இத்தனை கைகளுக்குப் போகும் என்று அவர்களுள் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? எனவே, இத்தகைய பொருளை வாங்கும் முன், அதற்குக் கண் உண்டா, அது பார்த்தது எங்கே போகிறது, இணைய இணைப்பு இல்லாமல் இயங்குமா என்று பெரியவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். உறிஞ்சும் திறனை மட்டும் விசாரித்தால் போதாது.

பெயர் வைப்பதில் தவறில்லை

எங்கள் வீட்டில் ஆமை என்று பெயர் வைத்ததைச் சொன்னேன் அல்லவா? இதுவும் புதிதன்று. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பலர் தங்கள் ரூம்பாவுக்குப் பெயர் வைத்து அழைப்பதையும், அதற்காகத் தரையை முன்கூட்டியே ஒழுங்குபடுத்தி வைப்பதையும் கண்டார்கள். அசையும் பொருளிடம் அன்பு கொள்வது மனித இயல்பு. கட்டிலுக்கடியில் சிக்கிய ஆமையைக் கண்டு, 'ஐயோ பாவம்' என்று நாங்களும் சொல்லியிருக்கிறோம். அதில் தவறில்லை. ஆனால், 'ஐயோ பாவம்' என்பதை இயந்திரத்துக்கு மட்டும் சொல்லிவிட்டு, குனிந்து அதை எடுத்துவிடும் அம்மாவுக்குச் சொல்ல மறந்துவிடக் கூடாது.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு புதிய ஏற்பாடு. பாயைச் சுருட்டுவதும் கம்பிகளைக் கட்டுவதும் என் வேலை. நாற்காலிகளைக் கவிழ்ப்பதும் தூசியைக் கொட்டுவதும் மகளின் வேலை. ஆமை சிக்கிக்கொண்டால் அருகில் இருப்பவர் எடுத்துவிட வேண்டும். அருகில் இருப்பவர் என்றால் எப்போதும் அம்மா என்று பொருள் இல்லை! ஞாயிற்றுக்கிழமை ஆமைக்கு விடுமுறை. அன்று துடைப்பம் என் கையில்.

நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் வீட்டில் தானியங்கி இயந்திரம் இருக்க வேண்டும் என்பதில்லை. மிக்சி, குக்கர், சலவை இயந்திரம், வெறும் துடைப்பம் என எதுவாகவும் இருக்கட்டும். ஒரு வாரம் மூன்று பத்திகளில் குறித்துவாருங்கள்: 'என்ன வேலை', 'எத்தனை நிமிடம்', 'யார் செய்தார்கள்'. நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். வார முடிவில் அந்த ஏட்டை வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் படியுங்கள். பிறகு, அதில் ஒரு வேலையை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்பேங்ளரை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? தூசியின் தொல்லை துடைப்பம் பிடித்த அவருக்குத்தான் தெரிந்தது. வழியும் அவருக்குத்தான் தோன்றியது. நம் வீட்டு நிலைப்படியையும், மாடிப்படியையும், எண்ணெய்ப் பிசுக்குள்ள சமையலறை மூலையையும் அறிந்து வேலை செய்யும் இயந்திரத்தை நாளை உங்களுள் ஒருவர் செய்யக்கூடும். அதற்கு முதலில் அந்த மூலையை ஒருமுறையாவது குனிந்து கூட்டியிருக்க வேண்டும். நாளைக் காலை துடைப்பத்தை எடுங்கள்!